மூன்றில் இரண்டு பங்கு



கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் துன்பமும் தீமையும் ஏன்? இறையியல் கல்லூரிகள் இந்தக் கேள்வியை நூல்களிலிருந்து எடுத்துப் பேசுகின்றன. நாம் அதைக் கீழவைப்பார் கிடக்கும் முத்துக்குளித்துறையின் வரலாற்றிலிருந்து கேட்கிறோம். பரதவர் வரலாறு நம் வரலாறு அல்ல. ஆனால் கேள்வி நமக்கும் பொது.

1535-ல் முத்துக்குளிப்பு உரிமைக்கான மோதலில் நசுக்கப்பட்ட பரதவர்கள், கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது. வைப்பார் உள்ளிட்ட துறைகள் ஊர் ஊராக மதம் மாறின. பிரான்சிஸ் சேவியர் 1542-ல் வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டில் வடுகர் படை தாக்கியது. கன்னியாகுமரிப் பாறைகளில் மக்கள் பசியும் தாகமுமாய் ஒளிந்து கிடந்தார்கள். அவர்களுக்கு உணவு ஏற்றிப் படகுகளோடு புறப்பட்டதைச் சேவியர் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் வாளைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்த மக்கள் விசுவாசத்தை விடவில்லை. 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களாலும் அவர்களை மாற்ற முடியவில்லை.

முத்துக்குளிப்பில் இரண்டு வகைத் துன்பம் இருந்தது. ஒன்று கடலுடையது: சுறா, மூச்சுத்திணறல், நீரோட்டம். சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரர் இருந்தார். அவருக்குச் சிப்பி கொடுப்பது வழக்கம். இன்னொன்று கரையில் காத்திருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் எடுத்த சிப்பியை மூன்று பங்காக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. மூழ்கியவருக்கு ஒன்று. சுறாவை ஏன் படைத்தாய் என்று கடவுளிடம் கேட்கலாம். அந்த இரண்டு பங்குக்குப் பதில் சொல்லவேண்டியவர் அரசாங்கக் கணக்குப்புத்தகத்தில் இருக்கிறார்.

இந்தப் பிரிவினையை மறைப்பதுதான் ஆதிக்கத்தின் வேலை. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. இருவரும் இல்லை என்கிறார் இயேசு. பிறப்பைக் கொண்டே குற்றத்தைத் தீர்மானிக்கும் கர்மக் கணக்கு அங்கேயே உடைகிறது. அந்த நற்செய்தியை வாசிக்கும் கோயில்களுக்குள் பிறப்புக் கணக்கு தொடர்ந்ததுதான் வரலாற்றின் வெட்கம். வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. தலித் கிறித்தவர்களுக்குத் தனி இடமும் தனிக் கல்லறையும் அதற்குப் பின்னும் பல ஊர்களில் நீடித்தன.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வேளாங்கண்ணியில் பயணிகளையும் வாரிக்கொண்டு போனது. கோயில் தப்பியது புதுமை என்றார்கள் சிலர். செத்தவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? அலை சாதி பார்க்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை அள்ளும் வேலை துப்புரவுத் தொழிலாளர்களான தலித்துகள் தலையில்தான் விழுந்தது. நிவாரணத்தில் அவர்களே பின்னுக்குத் தள்ளப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அலைக்கு நம்மிடம் பதில் இல்லை. அள்ளவைத்ததற்கு இருக்கிறது.

1980-களில் தலித் இறையியலுக்கு வழி திறந்த அரவிந்த் நிர்மல், இயேசுவைத் தலித்தாகவே கண்டார். துன்பத்தை அனுப்புகிற கடவுளின் இடத்தில், கூடவே துன்பப்படுகிற கடவுள் வந்தார். இது பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதலோடு நிற்க நம்மால் முடியாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். இந்தத் தீமையைக் கடவுள் அனுமதித்தாரா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் வரை, கையெழுத்திட்டவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆகவே ஜெபிப்பவர்கள் ஜெபிக்கட்டும். நாமும் உடன் நிற்போம். சுறாவுக்காக ஜெபிப்போம். இரண்டு பங்குக்காக மனு எழுதுவோம், வழக்குப் போடுவோம், தெருவில் இறங்குவோம்.