ஸ்கந்தபுரத்தில் விவசாய மானியம்

ஸ்கந்தபுரம், கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேச செயலாளர் பிரிவில் அக்கராயன்குளத்தை அடுத்துள்ள கமக்காரக் கிராமம். இங்கே வயலும் உண்டு, மேட்டுநிலமும் உண்டு. அரசின் மானியத்தில் பெரும்பங்கு நெல்லுக்கே போகிறது. ஆகவே யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வயற்காணியின் அளவும், அது எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுமே தீர்மானிக்கின்றன.

வந்த வழி

இலங்கையில் பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 1990இல் நின்று 1994இல் திரும்பவும் வந்தது. 2005 முதல் நெற்செய்கையாளருக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. தெற்கில் அந்த மூடை கைக்கு வந்த காலத்தில், ஸ்கந்தபுரம் அடங்கிய, போர் நடந்த வன்னியின் நிலைமை வேறு. வெடிமருந்துக்குப் பயன்படும் என்று யூரியாவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதியும் மூடப்பட்டது. 2008 கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தது. போருக்குப் பின் மீள்குடியேறியவர்கள் பற்றைக்காடாகிக் கிடந்த வயலைத் திருத்திய பிறகுதான் மானியப் பட்டியலில் ஏற முடிந்தது.

அதன்பின் கொள்கை அடிக்கடி மாறியது. 2016இல் பசளைக்குப் பதில் பணம். 2018இல் மறுபடியும் மூடை, விலை 500 ரூபா. அடுத்து வந்த அரசு நெல்லுக்கு இலவசமாகவே கொடுத்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே வயலில் நின்றது.

பணம் போய்ச் சேரும் விதம்

2024/25 காலபோகத்துக்கு மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா. உச்சவரம்பு இரண்டு ஹெக்டேயர். ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 10,000 ரூபா. மூன்று ஏக்கர் விதைத்தவருக்குச் சுமார் 30,000. ஐந்து ஏக்கர்க்காரருக்கு 50,000. அதற்கு மேல் எத்தனை ஏக்கர் செய்தாலும் தொகை ஏறாது.

கமக்காரர் அமைப்பின் உறுப்புரிமை, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கமநல சேவை நிலையத்தின் படிகளில் ஏறி இறங்குவது போகத்துக்குப் போகம் நடப்பது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான காணிப் பதிவேடே இதற்கு அடிப்படை. குளத்து நீரில் செய்யும் சிறுபோகத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு: மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நீர் இருப்பைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவுசெய்யும். தண்ணீர்ப் பங்கு குறைந்தால் மானியமும் குறையும்.

விடுபடுகிறவர்கள்

போகக் குத்தகைக்கு வயல் செய்பவர் பசளைக் கடனையும் மழைவெள்ள நட்டத்தையும் தானே சுமக்கிறார். வாய்ப்பேச்சில் முடிந்த குத்தகை என்றால், காணிக்காரர் சம்மதித்துக் கையொப்பமிடாமல் பட்டியலில் பெயர் சேர்ப்பது கடினம். மேட்டுநிலத்தில் வாழையோ மரக்கறியோ செய்பவருக்கு நெல்லுக்கான மானியம் வராது.

காணி உறுதி பலருக்கு இல்லை; 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரமே இருக்கிறது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணியில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் தந்த ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நிறைந்த வன்னியில் இது மிகவும் பிந்திவந்த திருத்தம்.

இந்த விடுபடல் இலங்கையில் மட்டுமல்ல. இந்தியாவின் பி.எம். கிசான் திட்டமும் ஆண்டுக்கு 6,000 ரூபாயைக் காணியுள்ள குடும்பங்களுக்கே தருகிறது. அங்கும் குத்தகைக்காரர் வெளியே நிற்கிறார்.

அறுவடைக்குப் பின்

நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும் விலையும் ஒருவகை ஆதரவுதான். 2025 பெப்ரவரியில் அரசு கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்று விலை குறித்தது. ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டாத நெல்லுக்கே அந்த விலை. காயவிட இடமோ கடன்காரரிடம் தவணையோ இல்லாத சிறு கமக்காரர், வெட்டிய ஈர நெல்லை வயற்கரையிலேயே வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.