வலியில்லாப் பார்க்கரும் எல்.டி. பாங்கியும்

பல் மருத்துவ வரலாறு என்று எதை எடுத்துப் படித்தாலும் பெரும்பாலும் அது கருவிகளின், மருந்துகளின் பட்டியலாகத்தான் இருக்கிறது. 1871ல் மோரிசனின் காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவி, 1905ல் நோவோகெயின், 1948ல் விற்பனைக்கு வந்த லிடோகெயின், 1957ல் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று சுற்றும் போர்டனின் ஏரோட்டார். எல்லாம் வலியைக் குறைத்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வலி இத்தனை குறைந்தும் பயம் ஏன் அதே அளவுக்குக் குறையவில்லை? வைத்தியரும் சாயங்காலம் ஏன் இவ்வளவு களைத்துப் போகிறார்?

1969ல் உளவியலாளர் நார்மன் கோரா பல் வைத்திய பயத்தை அளக்க நாலே நாலு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். நாளைக்கு வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெளி அறையில் காத்திருக்கும்போது? நாற்காலியில் உட்கார்ந்தபின், அவர் துளைக்கருவியைத் தயார் செய்யும்போது? பல் சுத்தம் செய்யக் கருவிகளை எடுத்து வைக்கும்போது? கவனித்துப் பாருங்கள், வலிக்கிற நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நாலுமே வலிக்கு முந்தைய நேரம். அந்த நேரத்தை மரப்பு ஊசி தொடாது. அதைத் தொடக்கூடியவர் வைத்தியர் மட்டும்தான்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் என்று பியேர் ஃபோஷாரைச் சொல்லலாம். 1728ல் பாரிஸில் அவருடைய நூல் இரண்டு பாகங்களாக வந்தது. பல்லுக்குள் புழு இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையை ஏற்க மறுத்தவர் என்று அவரைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் நாற்காலியைப் பற்றிச் சொன்னது. அன்றைய வழக்கம், நோயாளியைத் தரையில் உட்கார வைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பல்லைப் பிடுங்குவது. இது அசுத்தம், உட்காருகிறவருக்கு அசௌகரியம், பயத்தைக் கிளப்பும், கர்ப்பிணிகளுக்கு மிகவும் கெடுதல் என்றார் ஃபோஷார். அசையாத, கைப்பிடி வைத்த நாற்காலியில், முதுகுக்கு மெத்தென்று வைத்து உட்கார வைக்கச் சொன்னார். நோயாளிக்கு என்ன தோன்றும் என்பதையும் சிகிச்சையின் கணக்கில் சேர்த்துக்கொண்ட மனிதர்.

அதே பாரிஸில் பாலத்தருகே கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தந்திரம் ஒன்றையும் ஃபோஷார் எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தில் நிற்கும் கூட்டாளி, மெல்லிய தோலில் ஒரு பல்லையும் கோழி ரத்தத்தையும் பொதிந்து வாயில் அடக்கிக்கொண்டு வருவான். வைத்தியர் கை வைத்ததும் பல் வந்துவிடும், ரத்தமும் வரும், வலி மட்டும் இருக்காது!

இந்தக் கடைத்தெரு மரபின் கடைசிப் பெரிய வாரிசு எட்கர் பார்க்கர். கனடாவில் 1872ல் பிறந்தவர், பிலடெல்பியாவில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஊருக்குத் திரும்பிப் பலகை மாட்டினார், ஆள் வரவில்லை. விளம்பரம் செய்வது தொழில் தர்மம் இல்லை என்ற காலம் அது. பார்த்தார், வண்டியும் பித்தளை வாத்தியக் கோஷ்டியுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். ஒரு பல்லுக்கு 50 சென்ட், வலித்தால் 5 டாலர் திருப்பித் தருவேன் என்று சவால். கொகெயின் கரைசல் வேலை செய்தால் சரி, செய்யாவிட்டால் அலறலை வாத்தியம் அமுக்கிவிடும். ஒரே நாளில் பிடுங்கியதாக அவர் சொன்ன 357 பற்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டார். சொந்தப் பெயரில்தான் தொழில் நடத்த வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் நெருக்கியபோது, 1915ல் தன் பெயரையே 'வலியில்லாத பார்க்கர்' என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார்!

சும்மா சொல்லக்கூடாது, வசதியான வைத்தியர்கள் எட்டிப்பார்க்காத ஏழைகளிடம் போனவர் அவர். ஆனால் அவர் தொழிலின் அமைப்பைப் பாருங்கள். பிடுங்கிய பல்லுக்காக யாரும் திரும்பி வரப்போவதில்லை. அதனால் தினமும் புதுக் கூட்டம் வேண்டும். புதுக் கூட்டம் என்றால் புது பயம், அதை அமுக்கப் புது ஆரவாரம். ஓய்வே கிடையாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் எல்.டி. பாங்கி. 1901ல் பிறந்தவர், கென்டக்கியில் தொழில் தொடங்கி, 1925ல் புளோரிடாவின் கோரல் கேபிள்ஸுக்குப் போனவர். அவர் கதையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. அவருடைய அம்மா பற்கள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் பிறகு வருந்தினார். காப்பாற்றக்கூடிய பல்லை இனி பிடுங்குவதில்லை என்று மகன் முடிவெடுத்தார். முடிவு சுலபம், அதை வைத்துப் பிழைப்பு நடத்துவது எப்படி? பல்லைக் காப்பாற்ற நேரம் ஆகும், செலவு ஆகும், நோயாளி பல தடவை வர வேண்டும். நம்பிக்கை இல்லாமல் யார் வருவார்?

அதற்குப் பாங்கி கண்ட வழி நாலு படிகள்: உன்னை அறி, நோயாளியை அறி, வேலையை அறி, அறிந்ததைச் செயலில் காட்டு. முதல் சந்திப்பில் அவசரமில்லாத பேச்சு, முழுப் பரிசோதனை. பிறகு உட்கார்ந்து கலந்து பேசுவது. தன் வாழ்க்கையிலும் வேலை, விளையாட்டு, அன்பு, வழிபாடு நாலும் சமமாக இருக்க வேண்டும் என்பார். மன அழுத்தத்துக்கு அவர் சொன்ன மருந்து இதுதான்.

இல்லினாய்ஸின் மக்கோம்ப் என்ற சிற்றூரில் இருந்த ராபர்ட் பார்க்லி இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். நோயாளியே தன் வாயில் உள்ள அழுக்குப் படிவைப் பார்த்து, பிரச்சினையை அவரே கண்டுபிடிக்க வைப்பார். ஆகக்கூடிய அளவு மெதுவாகக் கெட உதவுவதே தன் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னவர். 'இனி வலிக்கவே வலிக்காது' என்று வாக்குக் கொடுத்தவருக்கு அதைக் காப்பாற்றுகிற பாரமும் உண்டு. பார்க்லிக்கு அந்தப் பாரம் இல்லை, பாதிப் பொறுப்பை நோயாளி எடுத்துக்கொள்கிறார்.

எனக்குப் புரிந்தவரை, வைத்தியரின் களைப்பு நோயாளிகளின் எண்ணிக்கையால் மட்டும் வருவதல்ல. முன்பின் தெரியாத, பயந்துபோன ஒருவரை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சமாளிப்பதால் வருவது. பத்தாவது தடவை வருகிறவர் பயப்பட மாட்டார், கட்டணத்துக்குச் சண்டையும் போட மாட்டார், தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஒரு நெருடல் மட்டும் பாக்கி இருக்கிறது. பாங்கியின் முறைக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும். 50 சென்ட் மட்டும் கையில் வைத்திருந்தவர் கோரல் கேபிள்ஸுக்குள் நுழைந்திருக்க முடியாது. அவருக்குப் பார்க்கரின் வண்டிதான். அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறவருக்கு அரை மணி நேரப் பேச்சு கிடைக்காதுதான். ஆனால் கருவியைக் கையில் எடுக்குமுன் 'இப்போ இதைத்தான் செய்யப்போறேன், வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்' என்று சொல்ல அரை நிமிடம் போதும். கோராவின் கேள்விகளில் மூன்றாவதற்காவது அது பதிலாகும்.