பழைய காருக்குள் தண்ணீர்: ஈரம் ஒரு பக்கம், ஓட்டை வேறு பக்கம்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நெகிரி செம்பிலானில் மழை கூடும். கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பழைய காரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்றவை நன்றாக ஓடினாலும், மழைக்காலத்தில் காலடி நனையத் தொடங்கினால் கவனம் தேவை. தேங்கும் நீர் தரைத்தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் பூட்டப்பட்டிருப்பது அந்தத் தகட்டில்தான்.

பலர் ஈரமான இடத்திலேயே பசையைப் பூசி ஏமாறுகிறார்கள். தண்ணீர் நுழைவது ஓரிடம், தேங்குவது வேறிடம். சிரம்பானிலிருந்து வரும்போது புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறினாலே முன்பக்க நீர் பின்னால் ஓடிவிடும். ஆகவே முதலில் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மழையா, ஏர்கோனா?

மழை இல்லாத நாளிலும் முன்பக்கப் பயணியின் காலடி நனைந்தால், ஏர்கோன் நீராக இருக்கலாம். வெயில் நாளில் காரை நிறுத்தி ஏர்கோனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்வது சிறிய வேலை.

ஹீட்டர் உள்ள கார்களில் ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது ரேடியேட்டர் நீர். உடனே பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மழைநீர் நுழையும் வழிகள்

வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம்: பால்மரங்கள் இலையுதிர்க்கும் ஆண்டுத் தொடக்கத்தில், மரத்தடியில் நிற்கும் கார்களில் சருகு சேரும். வடிகால் துளை அடைத்தால், காற்று நுழையும் வழியாக நீர் உள்ளே இறங்கும்.

கதவு: கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் நீர், அடிப்பகுதித் துளைகள் வழியே வெளியேற வேண்டும். கதவை அசைக்கும்போது தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் துளைகள் அடைத்துள்ளன. உள்பக்க அட்டைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தாலும் நீர் உள்ளே வரும்.

ரப்பர் பட்டை: கதவுக்கும் பட்டைக்கும் இடையில் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் அங்கே பட்டை பிடிப்பதில்லை.

பூட்: பின்விளக்குகளின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் நிற்கும்.

தரை: மழை இல்லாமல், சாலையில் தேங்கிய நீரைக் கடந்த பின் நனைந்தால், தரையில் உள்ள ரப்பர் அடைப்பான் கழன்றிருக்கலாம்.

சோதனை

கார்பெட்டைத் தூக்கி, தகட்டை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். சந்தேகமான இடங்களில் முகப் பவுடர் தூவினால் நீர் ஓடிய தடம் தெரியும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றவர் வெளியே குழாய் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று மேலே செல்ல வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஓட்டை எது என்று தெரியாது. வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். நல்ல ரப்பரையும் அது தாண்டிவிடும்.

பழுது பார்ப்பது

அடைத்த துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் திறக்கலாம். கெட்டியாகிப்போன ரப்பரை மாற்றுவதே நல்லது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும். தகட்டு இணைப்புகளுக்குக் கார் பாடிக்கென உள்ள பசையையே வாங்க வேண்டும். புளிக்காடி வாடை வரும் சாதாரண சிலிக்கோன் இரும்பை அரிக்கும். முன்கண்ணாடியின் கசிவைக் கண்ணாடி பொருத்துபவரிடம் விடுவதே பாதுகாப்பு.

கார்பெட் மேலே உலர்ந்தாலும் அடியில் உள்ள பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப்போடுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் இருந்தால் அவை காற்றுப்பையோடு தொடர்புடையவை. அவற்றை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும்.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசலாம். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால், சாயம் பூசி மறைக்காமல் வெல்டிங் பட்டறையில் காட்ட வேண்டும். முக்கியமாக, இருக்கை போல்ட்டுகளைச் சுற்றி அப்படி இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை குடும்பத்தை அந்தக் காரில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.