கணிப்பொறிக் கல்வியின் படிக்கட்டு

மைசூர் நகருக்குத் தமிழர் வந்த வழிகள் பல. இரயில்வே பட்டறையை நாடி வந்தோர் உளர். ஆலைகளை நாடி வந்தோர் உளர். வாணிகம் கருதியும் ஆசிரியப் பணி கருதியும் வந்தோர் உளர். எவ்வழி வந்தாராயினும், கைக்கு ஒரு தொழில் உண்டு என்னும் துணிவே அவர்களை இம்மண்ணில் வேரூன்றச் செய்தது. ஆனால் தொழில்களுக்கும் ஆயுள் உண்டு. 1961-ல் இந்நகரிற் பெருமையுடன் தொடங்கிய ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1996-ல் மூடப்பெற்றது. தந்தை செய்த தொழில் மகனுக்கும் சோறிடும் என்ற நம்பிக்கை அத்தகைய நிகழ்ச்சிகளால் தளர்ந்தது.

இன்று நம் குடியிருப்பில் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளை உள்ள வீடுகளிலெல்லாம் ஒரு வினா எழுகின்றது. கணிப்பொறி படிக்க வைப்பதாயின், சான்றிதழ் போதுமா, பட்டயம் வேண்டுமா, பட்டமே வேண்டுமா? இவ்வினாவிற்கு விடை காண, அக்கல்வி வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

அறிஞர் கையிலிருந்து மாணவர் கைக்கு

இந்தியாவிற்கு முதற் கணிப்பொறி வந்தது 1955-ல். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் அதனை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அடுத்து, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே ஒரு கணிப்பொறியை அமைத்து 1960-ல் இயக்கினர். அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையிற் பிறந்த இரங்கசாமி நரசிம்மன் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்நாளில் இப்பொறி ஆராய்ச்சியாளருக்கே உரியதாயிருந்தது. அதனை மாணவர்க்குரிய பாடமாக்கிய பெருமை கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சாரும். 1963-ல் அங்கு ஐ.பி.எம். 1620 என்னும் பொறி வந்திறங்கியது. ஈரோட்டிற் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன் அங்கிருந்து கற்பித்தார். கழகத்து மாணவர்க்கு மட்டுமன்றி, வெளியிலிருந்து வந்த பொறியாளர்க்கும் அறிவியலார்க்கும் பத்து நாட் பயிற்சி வகுப்புகள் அங்கே நடைபெற்றன. நாடெங்கும் இன்று பரவியிருக்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கெல்லாம் அவ்வகுப்புகளை முன்னோடி எனலாம். பின்னர், இவர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையால், 1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்னும் மேற்பட்டம் பல்கலைக்கழகங்களில் தோன்றியது. பொறியியல் படியாதவரும் கணிப்பொறித் துறையுட் புக அது வாயிலாயிற்று. மூன்றாண்டாயிருந்த அப்படிப்பு 2020-21 முதல் ஈராண்டாக்கப்பட்டுள்ளது.

மைசூருக்கும் கான்பூருக்கும் ஒரு தொடர்புண்டு. 1946-ல் இந்நகரில் நிறுவப்பெற்ற தேசியப் பொறியியல் கல்லூரியில் 1967-ல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், கான்பூருக்குச் சென்று 1969-ல் மேற்பட்டம் பெற்றார். அவரே நாராயண மூர்த்தி. 1981-ல் நண்பர் அறுவருடன் அவர் தொடங்கிய இன்போசிஸ் நிறுவனம் பின்னாளில் மைசூரிலேயே மாபெரும் பயிற்சி வளாகத்தை எழுப்பியது. பட்டம் பெற்று வரும் இளைஞரையும் மீண்டும் மாதக் கணக்கில் அங்கே பயிற்றுகின்றனர். பட்டத்தோடு கல்வி முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து

படிப்பைப் படிப்படியாகப் பகுத்தளிக்கும் முறையில் அமெரிக்க நாடு நமக்கு மூத்தது. 1901-ல் சிக்காகோவிற்கு அருகிலுள்ள ஜோலியட் என்னும் ஊரில் ஆறு மாணவருடன் ஈராண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கிற்று. அவ்வழியில் வளர்ந்தவையே சமுதாயக் கல்லூரிகள். அங்கே கணிப்பொறி பயில வருவோர்க்கு மூன்று வழிகள் உள. சில மாதங்களிலோ ஓராண்டிலோ முடியும் சான்றிதழ் ஒன்று. நேரே வேலைக்குச் செல்ல உதவும் ஈராண்டுப் பட்டம் ஒன்று. பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டிற் சேர்ந்து படிப்பைத் தொடர உதவும் ஈராண்டுப் பட்டம் மற்றொன்று. பகலில் உழைப்போர் மாலையிற் பயிலலாம், செலவும் குறைவு.

நம் நாட்டில் இக்கருத்து 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வேர்கொண்டது. 1996-ல் சென்னையிலும் ஒரு சமுதாயக் கல்லூரி தோன்றிற்று. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவே இதனை நாடளாவிய திட்டமாக மேற்கொண்டது.

ஆயினும், பெயர் வேறாயினும் பொருள் ஒன்றாகிய நிறுவனம் நம்மிடம் முன்பே உண்டு, அதுவே பாலிடெக்னிக். சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா திவானாயிருந்த காலத்தில், 1916-ல், மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பல்கலைக்கழகம் மட்டும் போதாது, கைத்திறன் கற்பிக்கும் பள்ளியும் வேண்டும் என்று கருதிய அப்பெரியார் முதுமையிலும் ஓய்ந்திலர். 1943-ல் பெங்களூரில் ஜயசாமராஜேந்திரர் பெயரால் தொழிற்கல்வி நிலையம் ஒன்று அமையக் காரணமாயிருந்தார்.

இன்றுள்ள படிகள்

முதற்படி, தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டுப் படிப்பு. கணிப்பொறி இயக்குவோர், நிரல் எழுதுவோர்க்குத் துணைபுரிவோர் ஆகிய பணிகளுக்குரிய பயிற்சி இது. பத்தாம் வகுப்புத் தேறியோர் சேரலாம். அரசின் தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

இரண்டாம் படி, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம். இதற்கும் பத்தாம் வகுப்பே போதும். பட்டயம் பெற்றவர் தேர்வெழுதிப் பொறியியற் கல்லூரியின் இரண்டாமாண்டில் நேரே சேரலாம். இவ்வாயிலை அறியாத பெற்றோர் நம்மிடையே இன்னும் பலர். மைசூரில் மாற்றுத்திறனாளர்க்கென்றே ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடத்தார் ஒரு பாலிடெக்னிக் நடத்துகின்றனர் என்பதும், அங்கும் கணிப்பொறிப் பட்டயம் உண்டு என்பதும் குறிக்கத் தக்கன.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் பயிலும் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முதலிய மூன்றாண்டுப் பட்டங்கள். அதன்மேல் எம்.சி.ஏ. உண்டு. நான்காவது, நான்காண்டுப் பொறியியற் பட்டம்.

இவற்றுக்குப் பக்கத்தே மற்றொரு படிக்கட்டும் உளது. மைய அரசு 1990-ல் 'ஓ', 'ஏ', 'பி', 'சி' என நான்கு நிலைத் தேர்வுகளை வகுத்தது. கல்லூரியிற் சேராமலே இத்தேர்வுகளை எழுத இடமிருந்தது. 2011 முதல் 'நைலிட்' எனப் பெயர் பெற்ற நிறுவனம் இதனை நடத்துகின்றது. 1980களில் தோன்றிய தனியார் பயிற்சி நிலையங்களின் சான்றிதழ்களோ வேறு இனத்தவை. அவை திறனை வளர்க்கலாம். வேலை தருவோர் மதிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் அடுத்த வகுப்பிற் சேர அவை தாமே உரிமை தாரா.

மேலேறும் வழி உண்டா?

ஆகவே சான்றிதழா பட்டமா என்பதை விட, எடுத்து வைக்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு வழி உண்டா என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி. வழியுள்ள சிறு சான்றிதழ், வழியற்ற பெரும் பெயரினும் மேலானது.

இவ்வழிகள் மாறுவதும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரியில் ஓராண்டு பயின்று நிற்போர்க்குச் சான்றிதழும், ஈராண்டிற்குப் பட்டயமும், மூன்றாண்டிற்குப் பட்டமும் வழங்கலாம் என்றது. கருநாடகம் அதனை 2021-லேயே நடைமுறைப்படுத்தியது. 2024-ல் மீண்டும் பழைய மூன்றாண்டுப் பட்ட முறைக்கே திரும்பியது.

அங்கீகாரமும் அவ்வாறே. 1996-ல் மைசூரில் நிறுவப்பெற்ற கருநாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளுக்கு 2012-13-க்குப் பின் அங்கீகாரம் இல்லை என மானியக் குழு 2015-ல் அறிவித்தது. 2018-ல் அங்கீகாரம் மீண்டும் கிடைத்தது. இடையிற் பயின்ற மாணவர் பட்ட கவலை சிறிதன்று. எந்த நிலையமாயினும், சேரும் ஆண்டிற்கு, சேரும் படிப்பிற்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்திற் காண்பது கடமை.

வசதி குறைந்த வீட்டில் ஒருவர் கல்விக்கே பணமிருந்தால், மகனைக் கல்லூரிக்கும் மகளைச் சான்றிதழ் வகுப்பிற்கும் அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறைந்திலது. பாலிடெக்னிக் வழியை அறிந்தால் இருவரும் பொறியியற் பட்டம் வரை செல்ல இயலும். நம் சங்கத்தில் பட்டயம் பெற்றோரும் பட்டம் பெற்றோரும் பலர் உளர். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் வாரத்தில் அவர்கள் ஒரு மாலை சங்க மன்றத்தில் அமர்ந்து, வரும் பிள்ளைகளுக்கு வழி கூறுவாராயின், அதுவே நம் குடியிருப்பின் சமுதாயக் கல்லூரி ஆகும். செலவில்லாத இப்பணியை வரும் ஆண்டிலேயே தொடங்குவோமாக.