வாயிலில் ஒரு பசுந்தழை வளையம்

மலர் என்பது மங்கலச் சொல். வளையம் என்பதும் குற்றமற்ற சொல்லே. ஆயின் இவ்விரண்டையும் சேர்த்து ‘மலர்வளையம்’ என்று தமிழர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் வாடும். “மறைந்தவர் யார்?” என்ற வினாவே முதலில் எழும். இவ்வொரு சொல்லால் எம் குடியிருப்பில் நேர்ந்த சிறு மனத்தாங்கல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

செகந்திராபாத்தில் மைய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் யாம் வாழ்ந்து வருகிறோம். எம் அண்டை வீட்டார் தமிழ்க் கிறித்தவர். பல தலைமுறைகளுக்கு முன் மதராசுப் படையினருடன் இங்கு வந்து தங்கிய குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர்த் திங்களில், அவ்வீட்டு அம்மையார் ஜெனரல் பஜாரிலிருந்து பச்சை வளையம் ஒன்றை வாங்கி வந்தார். ஊசியிலை மரத்தின் தழையைப் போலச் செய்யப்பட்டது. பூவும் இல்லை, நாடாவும் இல்லை, வெறும் பச்சை. மாலையில் அழகு செய்து கொள்ளலாம் என்று, அதை அப்படியே கதவில் மாட்டிவிட்டு அவர் உள்ளே சென்றுவிட்டார்.

அன்று காலையில்தான் எம் அன்னையார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினார். படியேறியவர் அக்கதவைக் கண்டார். கையிலிருந்த பையை வைத்துவிட்டு, “பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று? ஒரு கடிதம் போடக் கூடாதா?” என்று கேட்டார். அவர் குரல் சற்று உரத்த குரல். கதவு திறந்தது. அண்டை வீட்டு அம்மையார் அனைத்தையும் கேட்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் வளையத்தைக் கழற்றி உள்ளே எடுத்துச் சென்றுவிட்டார். நல்ல நாளுக்காக மாட்டிய பொருளைச் சாவின் அடையாளமாக ஒருவர் கண்டால் எவர் மனந்தான் நோகாது? எம் அன்னையார் மீதும் குற்றமில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் வட்டமாகக் கட்டிய தழையைக் கண்டது இறுதி ஊர்வலங்களில்தான்.

ஒரே வளையம் ஒருவருக்கு மகிழ்ச்சியையும் மற்றொருவருக்குத் துயரத்தையும் சொல்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடி யாம் முதலில் சென்றது நம் சங்க நூல்களிடமே.

நொச்சியின் இரு வாழ்வு

தழையும் பூவும் பேசும் மொழியைத் தமிழரைப் போல் இலக்கணமாக வகுத்தவர் அரியர். தொல்காப்பியப் புறத்திணையியல் போரின் நிலைகளுக்கு வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனச் செடிகொடிகளின் பெயர்களையே வைத்தது. பின்னர் வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, மீட்கப்படும் ஆநிரைக்குக் கரந்தையையும், மதில் காத்தலுக்கு நொச்சியையும் தனித் திணைகளாகப் பிரித்தது. வீரன் தலையில் எதைச் சூடியிருக்கிறான் என்று பார்த்தால், அவன் எதற்காகப் புறப்பட்டான் என்பது விளங்கிவிடும்.

ஆயினும் ஒரு தழைக்கு ஒரே பொருள்தான் என்று சங்கப் புலவர் கருதவில்லை. புறநானூற்றின் 271ஆம் பாடலைக் காண்க. பாடியவர் வெறிபாடிய காமக்காணியார். இளமகளிர் இடையில் தழையாடையாக நொச்சி விளங்கியதை முன்பு கண்டிருந்த கண்கள், அதே நொச்சியைப் போர்க்களத்தில் காண்கின்றன. மறவன் சூடியிருந்த நொச்சி வெட்டுண்டு குருதியில் நனைந்து உருமாறிக் கிடக்கிறது. ஊன்துண்டம் என எண்ணிய பருந்து அதைக் கவர்ந்து செல்கிறது. அடுத்த பாடலில் மோசிசாத்தனார், மகளிர்க்கு அணியாவதும் மதில் காப்போன் தலைக்குக் கண்ணியாவதும் நொச்சியே என்று அம்மரத்தின்மீது அன்பு மீதூரப் பாடுகிறார். இலை ஒன்று, இடம் இரண்டு, பொருளும் இரண்டு. எம் அன்னையாருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே நிகழ்ந்தது இதன் சிறிய மறுபதிப்பு என்றே எமக்குத் தோன்றியது.

குடியை அறிவிக்கவும் மாலை பயன்பட்டது. சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டான். நெடுங்கிள்ளி கதவை அடைத்து உள்ளே இருந்தான். அப்போது கோவூர்கிழார் இருவர்க்கும் இடையே நின்று காட்டிய சான்று அவர்தம் கண்ணிகளே. எதிரி சூடியது பனையும் அன்று, வேம்பும் அன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. ஆதலின் எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்றார். கையளவுத் தழையைக் காட்டிப் போரை நிறுத்த முயன்ற புலவர் அவர்.

உரோமாபுரியின் புல்முடி

மேலை நாட்டிலும் வளையத்தின் வரலாறு போர்க்களத்தில்தான் வளர்ந்தது. வென்று திரும்பிய உரோமத் தளபதிக்கு லாரல் இலை முடி. குடிமகன் ஒருவன் உயிரைக் காத்தவனுக்கு ஓக் இலை முடி. இவற்றினும் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது எது தெரியுமா? பொன்னாலும் மணியாலும் ஆன முடியன்று. வெறும் புல்லால் ஆன முடி! முற்றுகையில் சிக்கிய படையை மீட்ட தலைவனுக்கு, மீட்கப்பட்ட வீரர்கள் அம்மண்ணிலேயே முளைத்த புல்லைப் பறித்துப் பின்னி அளித்தனர். நம் முசிறியின் மிளகு வாணிகத்தைப் பற்றிக் குறித்துவைத்த பிளினியே இச்செய்தியையும் எழுதியுள்ளார். மதில் காத்தவனுக்கு இங்கே நொச்சி. முற்றுகையை உடைத்தவனுக்கு அங்கே புல். இரு நாட்டாரும் உயிரினும் பெரிதெனக் கருதியதைக் காட்டக் கைக்கெட்டிய பசுமையைத்தான் நாடினர்.

தலையில் சூடிய வளையம் வாயிலுக்கு வந்த செய்தியும் உண்டு. கி.மு. 27இல் உரோம ஆட்சி மன்றம் அகஸ்டஸ் இல்லத்தின் நிலைகளில் லாரல் தழையையும், கதவின்மேல் ஓக் முடியையும் வைத்துச் சிறப்பித்தது. அகஸ்டஸ் தம் ஆட்சிச் செயல்களைத் தொகுத்துப் பொறித்த கல்வெட்டில் இதனைப் பெருமையுடன் கூறுகிறார்.

வண்டிச் சக்கரமும் மெழுகுவத்தியும்

வட ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் மரங்கள் மொட்டையாகும். ஊசியிலை மரங்களும் ஹாலி போன்ற சில செடிகளுமே பச்சை மாறாமல் நிற்கும். அப்பசுமையை வீட்டினுள் கொணர்ந்து வைப்பது, உயிர் இன்னும் அழியவில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக் கொள்வதாகும். ஆண்டு முழுதும் பச்சையைக் காணும் நமக்கு அதன் அருமை எளிதில் புலப்படாது.

கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களைக் குறிக்கும் வளையம் 1839இல் செருமனியின் ஹாம்பர்க் நகரத்தை அடுத்துத் தோன்றியது. ஏழைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் போதகரை, “விழா எப்போது வரும்?” என்று சிறுவர்கள் நாள்தோறும் கேட்டு வந்தனர். அவர் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்தார். வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகள், ஞாயிற்றுக் கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்திகள் என அதன்மேல் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பசுந்தழை அதில் பின்னர்ச் சேர்ந்தது.

அதே ஐரோப்பியர் இறந்தோர் பெட்டியின்மீதும் கல்லறையின்மீதும் வளையம் வைக்கும் வழக்கமும் உடையவர். முடிவில்லாத வட்டம் அழியாத வாழ்வைக் குறிக்கும் என்பது அவர் கருத்து. நம் நாட்டுக்கு ஆங்கிலேயர் வழியாக வந்தவற்றுள் மிகுதியாகப் பரவியது இத்துயர் வழக்கமே. 1806இல் மூன்றாம் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த செகந்திராபாத், படைவீட்டு நகரம். இன்றும் இங்குள்ள பரேட் மைதானத்துப் போர் நினைவிடத்தில் வளையம் வைத்து வீரர்க்கு வணக்கம் செலுத்துகின்றனர். தமிழகத்தில் தலைவர்களின் நினைவிடங்கள் தோறும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. அச்செய்தி நாளிதழ்களில் வருகிறது. வாயிலில் தொங்கும் வளையமோ கிறித்தவ அன்பர் சிலர் இல்லங்களோடு நின்றுவிட்டது. எம் அன்னையார் ஒரு பாதியை மட்டுமே அறிந்திருந்ததற்குக் காரணம் இதுவே.

இரு பாதியும் ஒன்று சேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 1992இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வளையம் கட்டி விற்கும் வாணிகர் ஒருவரிடம் விழாக்கால வளையங்கள் ஏறத்தாழ 5,000 மிஞ்சிவிட்டன. அவர் அவற்றை ஆர்லிங்டன் படைவீரர் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார். கதவில் தொங்க வேண்டிய பச்சை வளையம் சிவப்பு நாடாவுடன் கல்லறைக் கற்களில் சாய்ந்து நின்றது. ஆண்டுதோறும் இப்போதும் அவ்வாறு செய்கின்றனர்.

ஐதராபாத்தின் ஆவாரை

நெடுந்தொலைவு செல்வானேன்? நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. மகாளய அமாவாசையன்று இந்நகரத் தெலுங்குப் பெண்டிர் பதுகம்மாவைத் தொடங்குவர். தாம்பாளத்தில் பூக்களை வட்டம் வட்டமாக அடுக்கிக் கோபுரம் போல் உயர்த்தி, உச்சியில் மஞ்சளால் பிடித்த கௌரியை வைத்துச் சுற்றி வந்து கைகொட்டிப் பாடுவர். ஒன்பது நாள் விழா. 2014இல் தெலங்கானா தனி மாநிலமானதும் இது மாநில விழாவாயிற்று. அதற்கு இன்றியமையாத இரு பூக்கள் குனுகும் தங்கேடும். குனுகு நம் பண்ணைக்கீரையின் பூ. வயலில் களையாக முளைப்பது. தங்கேடு நம் ஆவாரை.

இந்த ஆவாரைக்குச் சங்க இலக்கியத்தில் என்ன இடம்? காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து ஊரறிய ஏறும்போது, அக்குதிரைக்குச் சூட்டும் மாலை ஆவிரை! அங்கே நாணம் துறந்தவனின் அடையாளம். இங்கே சுமங்கலிப் பெண்டிரின் மங்கல மலர். தமிழகத்துச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்து வீட்டிறைப்பில் காப்பாகச் செருகுவதும் இதுவே. பாண்டியன் முடியில் ஏறிய வேம்பு, அம்மை கண்ட வீட்டு வாயிலில் ‘உள்ளே வாராதே’ என்று சொல்லவும், ஆடி மாத போனாலு விழாவில் பெண்கள் சுமக்கும் பானையை அணி செய்யவும் வருகிறது.

ஆதலின் தழைக்கும் வட்டத்துக்கும் தமக்கெனப் பொருள் இல்லை. எதனோடு சேர்த்துக் கட்டுகிறோம், எங்கே வைக்கிறோம், யார் பொருட்டு வைக்கிறோம் என்பனவே பொருளைத் தருகின்றன. கடையில் வாங்கிய வெறும் பச்சை வளையம் எழுதப்படாத ஓலை. அதை அழகு செய்வதே அதில் எழுதுவது. அன்று அண்டை வீட்டுக் கதவில் எழுதப்படாத ஓலை தொங்கியது. எம் அன்னையார் தாம் அறிந்த எழுத்தை அதில் படித்துவிட்டார்.

இவற்றையெல்லாம் அன்று மாலை அன்னையாரிடம் விரித்துரைக்க முற்பட்டோம். நொச்சி வரையில் கேட்டார். பிறகு எழுந்து, மோண்டா அங்காடியில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் செவ்வந்தியையும் நாரையும் எடுத்துக் கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார். “தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா. அந்த வளையத்தைக் கொண்டு வா. வெறும் பச்சையாக மாட்டக் கூடாது, நான் கட்டித் தருகிறேன்” என்றார். அந்த அம்மையார் சிவப்பு நாடாவும் சிறு மணிகளும் கொணர்ந்தார். எம் இளைய மகள் சவுக்குக் காய்களைப் பொறுக்கி வந்து பொன்வண்ணம் பூசினாள். செவ்வந்தியை மும்மூன்றாக வைத்து, அசையாதபடி நாரால் இறுக்கிக் கட்டியவர் எம் அன்னையாரே. எங்கே நாடா, எங்கே மணி என்பதில் இருவர்க்கும் சிறிது வழக்கு நேர்ந்தது. நாடா கீழே என்று முடிவாயிற்று.

மறுநாள் படியேறி வந்த அஞ்சல்காரர் அவ்வாயிலைக் கண்டு, “பண்டிகையா அம்மா?” என்று தெலுங்கில் கேட்டார். “ஆம்” என்று விடை சொன்னவர் எம் அன்னையார்.