ஜீப் பேட்டரி இறங்குவது ஏன்?

கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் இடுக்கி மலைக்குப் புறப்படுகின்றன ஜீப்புகள். அந்த நேரத்தில் செல்ஃப் எடுக்காவிட்டால் ஒரு வண்டி ஆட்களின் அன்றைய கூலி போய்விடும். அதனால் இந்த ஊர்களில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த வித்தை.

ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். 1912இல் கெடிலாக் காரில் செல்ஃப் மோட்டார் வந்த பிறகே பெட்ரோல் வண்டி கிளம்பப் பேட்டரியை நம்பி நின்றது. பழைய பேட்டரிகள் கறுப்பு ரப்பர் பெட்டியில், மேலே தார் பூசி வந்தன. ஒரு செல் செத்தால் தாரைச் சூடுகாட்டி நீக்கி, அந்தச் செல்லின் தகடுகளை மட்டும் மாற்ற முடிந்தது. எந்தச் செல் என்பதை அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லும்: 1.26 காட்டினால் நிறைவு, 1.12 காட்டினால் காலி. ஐந்து செல் சரியாக நின்று ஒன்று மட்டும் தாழ்ந்தால் குறை அதில்தான். கரடுமுரடான தோட்டப் பாதையின் குலுக்கலில் தகட்டுப் பூச்சு உதிர்ந்து அடியில் படியும். உள்ளேயே ஷார்ட் ஆகும்.

ஆனால் பல நேரம் பழி பேட்டரிமேல், குற்றம் வேறிடத்தில். டைனமோ காலத்தில், மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் கட்-அவுட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், வண்டி நின்றபின் மின்சாரம் டைனமோவுக்கே திரும்பிப் பாயும். காலையில் பேட்டரி காலி. ஆள்டர்னேட்டர் வந்ததும் கட்-அவுட் போயிற்று, அந்தக் குற்றம் டயோடுக்கு மாறியது.

இப்படி மின்சாரம் கசிவதைப் பிடிக்க உதவியது ஒரு டெஸ்ட் பல்பு. எல்லா சுவிட்சையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் இடையே பல்பைக் கோப்பார்கள். பல்பு எரிந்தால் எங்கோ கசிவு. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க, எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ அந்த லைனில் கோளாறு. எதைப் பிடுங்கியும் அணையாவிட்டால் ஆள்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். இத்தனை மலிவான, இத்தனை நேர்மையான கருவி வேறில்லை.

இன்றைய மூடிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டரை உள்ளே விட வழியில்லை, வோல்ட்மீட்டர்தான். நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் ஏறாவிட்டால் பெல்ட், ஆள்டர்னேட்டர், எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ், அலாரம் போன்றவற்றின் சிறு கசிவுக்குப் பல்பு எரியாது. அம்மீட்டர் கோக்க வேண்டும். 50 மில்லிஆம்பியர் கசிந்தாலே 40 ஆம்பியர்-மணி பேட்டரி பதினேழு நாளில் பாதியாகும். புது பேட்டரி மாட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது.