கடற்காற்றில் எஃகின் அரிமானம்

கரையோர எஃகு துருப்பிடிக்க அலை வந்து நனைக்க வேண்டியதில்லை. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து, உப்பாகப் படியவிட்டாலே போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டதும் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். அதனால் பார்வைக்குக் காய்ந்திருக்கும் தூணின் மேலும் உப்புநீர்ப் படலம் ஒட்டியிருக்கும். இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்துத் துருவாக்குவது அந்தப் படலமே.

மழை இங்கே நன்மையும் செய்கிறது. நேராக மழை படும் பக்கத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும். பாலத்தின் அடிப்பக்கத்திலும் தகடுகள் சேரும் இடுக்குகளிலும் அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பெரிய இடத்தைப் பிடிப்பதால், இடுக்கில் பருத்துத் தகடுகளைப் பிளக்கும். ரிவெட் தலைகளையும் தெறிக்க வைக்கும்.

எஃகின் முதலாண்டு இழப்பைக் கொண்டு இடங்களைத் தரம் பிரிக்கிறது ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை. மிதமான உள்நாட்டுக் காற்றில் சாதாரண எஃகு 25 மைக்ரானுக்குள் தேயும். சி5 வகைக் கடற்கரையில் அது 80 முதல் 200 மைக்ரான். அதனினும் கடுமையான சிஎக்ஸ் வகையில் 700 மைக்ரான் வரை போகலாம். ஆனால் ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்புவது ஆபத்து. உள்நாட்டில் துருப்படலம் இறுகித் தேய்வை மெதுவாக்கும். நான்கு மடங்கு காலத்தில் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கே கூடும். உப்பு மிகுந்த இடத்தில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்வதால் அந்தத் தணிவு பெரிதும் கிடைப்பதில்லை.

தூரமும் முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினாவில், கியூர் பீச் சோதனைத் திடலில் கடலிலிருந்து 25 மீட்டரில் வைத்த எஃகுத் தகடுகள், 250 மீட்டரில் வைத்தவற்றைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்ந்தன.

துருவையே கவசமாக்கும் கார்-டென் போன்ற எஃகு வகைகளும் இங்கே தோற்கின்றன. ஹவாயில் 1975இல் திறக்கப்பட்ட அலோஹா ஸ்டேடியம் அத்தகைய எஃகால் கட்டப்பட்டது. உப்புக்காற்றில் துரு அடங்கவில்லை. பெருஞ்செலவில் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இதற்குக் கண்கூடான சான்று பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தில் துரு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓயாத வேலையாக இருந்தன. அந்த உழைப்பே அதை நூறாண்டு தாங்கியது. கப்பல்களுக்கு வழிவிடத் தூக்கப்படும் பகுதியின் அரிமானச் சேதத்தால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அருகே மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்துவருகிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு தரப்பட்டுள்ளது. அதுவும் நிரந்தரக் காப்பல்ல. மழை எட்டாத அடிப்பகுதிகளையும் இணைப்புகளையும் தவறாமல் சோதித்துவர வேண்டும்.